டயாலிசிஸில் இருப்பவருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை: குடும்பத்தார் செய்ய வேண்டியவை, வரிசையாக

என் அப்பா நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நோய்த்தணிப்புச் சிகிச்சை (பேலியேட்டிவ் கேர்) என்ற சொல் எங்கள் காதில் முதன்முதலாக விழுந்தபோது அவருக்குப் பத்தொன்பது நாட்களே மிச்சமிருந்தன. அந்தப் பத்தொன்பது இரவுகளில் அவர் தூங்கிய தூக்கம் அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் அவருக்கு வாய்க்கவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. யாரிடம் போவது, என்ன கேட்பது, எந்தத் தாளைக் கையில் வைத்திருப்பது என்று தெரிந்திருந்தால் அந்த ஒன்றரை ஆண்டு வேறு மாதிரி கழிந்திருக்கும். இன்னொரு வீட்டில் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தின் பெயர் வரும் இடங்களையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

1. டயாலிசிஸ் நடக்கும்போதே கேளுங்கள்

பலரும் தவறும் இடம் இதுதான். பேலியேட்டிவ் கேர் என்றாலே ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று நினைத்துக்கொள்கிறோம். வலி, அரிப்பு, தூக்கமின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைப்பதும், சிகிச்சை பற்றிய முடிவுகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பதும்தான் அதன் வேலை. அதற்காக டயாலிசிஸை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட. கடைசிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸ் என்பது இதன் ஒரு பகுதி மட்டுமே.

எப்போது கேட்பது? கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் போதும்:

- மூன்று நான்கு மாதங்களுக்குள் இரண்டாவது முறையாக மருத்துவமனையில் சேர்ந்தது.
- முன்பு தானாக நடந்தவர் இப்போது பிடித்துக்கொண்டு நடப்பது. சாப்பாடு குறைந்து உடல் இளைப்பது.
- டயாலிசிஸ் முடிந்து வந்தால் மறுநாள்வரை எழுந்திருக்க முடியாமல் கிடப்பது.
- ‘இது எதற்கு, போதும்’ என்று அவர் வாயிலிருந்து ஒரு முறையாவது வந்தது.

கேட்கும்போது சுற்றி வளைக்க வேண்டாம். சிறுநீரக மருத்துவரிடம், “டயாலிசிஸ் தொடரட்டும், கூடவே பேலியேட்டிவ் மருத்துவரையும் பார்க்க வேண்டும், பரிந்துரைக் கடிதம் தாருங்கள்” என்று சொல்லுங்கள். ‘அதற்கு இன்னும் காலம் வரவில்லை’ என்று பதில் வரலாம். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: ‘இந்த நோயாளி இன்னும் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் நான் ஆச்சரியப்படுவேனா?’ இதை அப்படியே அவரிடம் கேளுங்கள். ‘ஆச்சரியப்பட மாட்டேன்’ என்பது பதிலானால், காலம் வந்துவிட்டது.

2. முதல் சந்திப்புக்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலான நோயாளிகள் “பரவாயில்லை” என்றுதான் சொல்வார்கள். அப்பா நான்கு வருடமும் அதையேதான் சொன்னார். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சீப்பின் கைப்பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய பனியனின் பின்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை. துவைத்தது நான். இருந்தும் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாட்கள், காலையும் இரவும், ஒவ்வொரு தொல்லைக்கும் 0 முதல் 4 வரை எண் போடுங்கள். 0 என்றால் இல்லை, 4 என்றால் தாங்க முடியவில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கென்றே உள்ள ஐபோஸ்-ரீனல் என்னும் வினாப்பட்டியலும் இதே கணக்கில்தான் இருக்கிறது. கிடைத்தால் அதையே வாங்கி நிரப்புங்கள். எழுத வேண்டியவை: வலி (எங்கே, எப்போது), சோர்வு, அரிப்பு, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் குடைச்சல், தசைப்பிடிப்பு, குமட்டல், பசியின்மை, வாய் வறட்சி, மலச்சிக்கல், மூச்சுத்திணறல், தூக்கம், பயம், மனவருத்தம்.

கூடவே ஒன்றை மட்டும் மணிக்கணக்கில் எழுதுங்கள்: டயாலிசிஸ் முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? இரண்டு மணி நேரமா, மறுநாள் காலைவரையா? இந்த ஒரு எண்ணை வைத்தே மருத்துவர் பலவற்றைப் புரிந்துகொள்வார். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது என்பதை நாங்கள் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். அரிப்பு என்றால் ரத்தத்தில் கூடும் பாஸ்பரஸ் மட்டுமே காரணம் இல்லை. வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் முழுதாகக் காயும் முன்பே வாசனையில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுவது முதல் படி. வழக்கமாக எழுதித் தரும் ஒவ்வாமை மாத்திரை பலருக்குத் தூக்கக்கலக்கத்தைத்தான் தருகிறது. அது பலிக்காவிட்டால் டயாலிசிஸுக்குப் பிறகு குறைந்த அளவில் காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை ஆகியவை உண்டு. ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை) நோயாளிகளின் அரிப்புக்கென்றே டிஃபெலிகெஃபாலின் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. கால் குடைச்சலுக்கு முதலில் இரும்புச்சத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸின் நடுவில் தசைப்பிடிப்பு வந்தால் நீரை மிக வேகமாக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். நேரத்தை நீட்டி மெதுவாக எடுக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாடு குறைந்து சதை கரையும்போது எடை இயந்திரம் அதே எண்ணைக் காட்டினால் மகிழ்ச்சியடையாதீர்கள். போன சதையின் இடத்தில் நீர் சேர்ந்திருக்கலாம். உலர் எடையை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது உடலின் எடையை, மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். இரவில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டால்தான் மூச்சு வருகிறது என்பதை வயதின் குற்றம் என்று விட்டுவிட வேண்டாம்.

3. மருந்துப் பையை மேசைமேல் கொட்டுங்கள்

பட்டியல் எழுதிக்கொண்டு போவது போதாது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், மருத்துவர் முன் கொட்டுங்கள். எதை நிறுத்தலாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இருபது வருடம் கழித்து வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கும் மாத்திரை, இன்று ஒரு கவளம் இறங்காதவருக்கு எதற்கு?

வலி மருந்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. பாராசிட்டமால் சொன்ன அளவுக்குள் பெரும்பாலும் பாதுகாப்பானது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் கொஞ்ச வேலையையும் கெடுக்கும். மார்ஃபினும் கோடீனும் உடலில் உடைந்து உண்டாகும் கழிவுப்பொருள்கள் சிறுநீர் வழியாக வெளியேற வேண்டியவை. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அவை உள்ளேயே சேரும். அப்பாவுக்கு இடுப்பெலும்பு வலிக்கு, அவசர சிகிச்சையில் இருந்த ஒருவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கக் கொடுத்த டம்ளர் அவர் கையிலிருந்து எகிறி விழுந்தது. நழுவவில்லை, எகிறியது. குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவருடைய தோளும் தாடையும் துள்ளிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் யாரையும் அடையாளம் தெரியாத அரைமயக்கம். மருந்தை நிறுத்திக் கூடுதலாக ஒரு டயாலிசிஸ் செய்த பிறகுதான் தெளிந்தார்.

ஆகவே கை கால் துள்ளல், காரணமில்லாத மயக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது ஆகியவற்றைக் கண்டால் உடனே தொலைபேசியை எடுங்கள். ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின் போன்றவை சிறுநீரக நோயாளிகளுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை என்று கருதப்படுகின்றன. தோலில் ஒட்டும் பட்டையாகவும் அவை கிடைக்கும். ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள்; சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே போய்விடும்.

இன்னும் சில பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பாக்லோஃபென், டயாலிசிஸ் நோயாளிகளைச் சிறிய அளவிலேயே நினைவிழக்கச் செய்துவிடக்கூடும். மெக்னீசியம் அல்லது அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தும், பாஸ்பேட் எனிமாவும் வேண்டாம். காபாபென்டினை டயாலிசிஸ் இயந்திரம் ரத்தத்திலிருந்து எடுத்துவிடும், அதனால் முடித்த பிறகு கொடுப்பது வழக்கம். எது முன், எது பின் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்டு அட்டையின் மேலேயே எழுதிவையுங்கள். சாப்பாடு குறையும்போது இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அதுவும் நடு இரவில்.

4. ஒரே கோப்பு, இரண்டு நகல்

ஒன்று வீட்டில், இன்னொன்று டயாலிசிஸுக்குப் போகும் பையில். அதில் இருக்க வேண்டியவை:

- டயாலிசிஸ் சுருக்கம்: எந்த நாட்கள், எத்தனை மணி நேரம், உலர் எடை, ரத்தம் எடுப்பது ஃபிஸ்டுலாவிலா (கையில் ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த வழி) கதீட்டரிலா (ரத்தக்குழாயில் பொருத்திய குழாய்), ஃபிஸ்டுலா என்றால் எந்தக் கையில்.
- இப்போதைய மருந்துப் பட்டியல், தேதியுடன். கீழே சிவப்பு மையில் ‘கொடுக்கக் கூடாதவை’.
- கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனை, கடைசி இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி.
- பேஸ்மேக்கர் அல்லது இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தியிருந்தால் அதன் அட்டை.
- முன்கூட்டிய விருப்ப ஆவணம் (எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி முன்பே எழுதிவைப்பது). தன்னால் பேச முடியாதபோது தன் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்ற எழுத்து.
- காப்பீட்டு ஆவணங்கள், அடையாள அட்டை நகல்கள்.

ஐந்தாவதுதான் தாமதமாகும். அதற்கு எந்தப் படிவம், எத்தனை சாட்சிகள், யார் சான்றளிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ கேளுங்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போதே கையெழுத்தாக வேண்டும். ரத்தத்தில் யூரியா ஏறிக் குழப்பம் வந்தபின் அவர் போட்ட கையெழுத்தை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்க முடியும். எங்கள் வீட்டில் படிவம் மேசை இழுப்பறையில் ஐந்து வாரம் வெறுமையாகக் கிடந்தது. ‘இன்று வேண்டாம், அப்பா மனசு கஷ்டப்படும்’ என்று நானும் தங்கையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரேதான் அதைக் கேட்டு வாங்கினார்.

5. செலவு

தொகை இடத்துக்கு இடம் மாறும், எனவே எவையெவை என்று மட்டும் சொல்கிறேன். டயாலிசிஸ் கட்டணத்தைக் கணக்குப் போட்டிருப்பீர்கள். போகவர வண்டிச் செலவு, கூடப் போகிறவர் இழக்கும் வேலைநாள், பகல்நேரப் பராமரிப்பாளர் சம்பளம், கட்டில், ஆக்சிஜன் இயந்திர வாடகை, டயப்பர், படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை, புண் கட்டும் பொருள்கள்: இவற்றை யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டிலையும் இயந்திரத்தையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். தேவை ஒரே மாதத்தில் மாறும்.

காப்பீடு இருந்தால் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒன்று, மருத்துவரோ செவிலியரோ வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குப் பணம் உண்டா? இரண்டு, ஹாஸ்பிஸில் பதிவு செய்தால் டயாலிசிஸுக்கான பணம் நின்றுவிடுமா? சில திட்டங்களில் அப்படி நிற்கும். இதை அறியாமல் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த டயாலிசிஸ் அன்று வாசலில் நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

6. பேச வேண்டிய பேச்சு

டயாலிசிஸ் அன்று மாலை வேண்டாம். இடைப்பட்ட நாளின் காலையில், வயிற்றில் கொஞ்சம் உணவு இருக்கும்போது, ஒருவரோ இருவரோ மட்டும் உட்காருங்கள். ஊரைக் கூட்டாதீர்கள்.

‘உங்களுக்கு எதைப் பற்றி அதிகக் கவலை?’ என்று தொடங்குங்கள். பிறகு, ‘எது முடியாமல் போனால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தோன்றும்?’ பதில் வரும்வரை காத்திருங்கள். அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னை யார் என்று எனக்கே தெரியாமல் போனால் வேண்டாம்” என்றார். மரணத்தைப் பற்றிப் பேசினால் அவர் உடைந்துபோவார் என்று பயந்திருந்தோம். அன்று மதியம் அவர் வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

முடிவெடுக்க வேண்டியவை: இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்கும் சி.பி.ஆர். வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா, மறுபடி ஐ.சி.யூ.வுக்குப் போவதா, கடைசியில் எங்கே இருக்க விருப்பம். முதிய, மிகவும் தளர்ந்த டயாலிசிஸ் நோயாளிகளில் சி.பி.ஆருக்குப் பின் பழையபடி வீடு திரும்புவோர் குறைவு. இதை மருத்துவர் வாயாலேயே நோயாளி கேட்கட்டும்.

முடிவு தெரியாமல் தடுமாறினால், ‘காலவரையறை வைத்துப் பார்ப்போம்’ என்று ஒரு வழி இருக்கிறது. நான்கு வாரமோ எட்டு வாரமோ டயாலிசிஸைத் தொடர்ந்து, என்ன மேம்பட்டால் தொடர்வது, என்ன நடந்தால் நிறுத்துவது என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, அந்தத் தேதியில் மீண்டும் உட்கார்ந்து பேசுவது. தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். குறிக்காவிட்டால் அந்த நாள் வரவே வராது.

7. குறைப்பதும் நிறுத்துவதும்

நிறுத்துவதற்கு முன் குறைப்பது என்ற படி இருக்கிறது. வாரம் மூன்றை இரண்டாக்குவது, நேரத்தைச் சுருக்குவது, ரத்தப் பரிசோதனைகளைக் குறைப்பது, உணவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது. மூச்சு முட்டாமல் இருப்பது மட்டுமே இதன் குறி. பல வருடம் வேண்டாம் என்று தள்ளிய ஒன்றை அவர் ஒரு வாய் சாப்பிட இது இடம் தரும். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று ஏறும்.

நிறுத்தவே விரும்பினால், முதலில் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்: கவனிக்கப்படாத வலி, தொற்று, மனச்சோர்வு நோய், குடும்பத்துக்குச் சுமையாக இருக்கிறோம் என்ற எண்ணம். அவை தீர்ந்த பின்னும் அதே முடிவில் இருந்தால் அது அவருடைய முடிவு. மருத்துவ நெறி இதைத் தற்கொலையாகக் கருதுவதில்லை. நோய் தன் வழியில் போக விடுவதாகவே பார்க்கிறது. நடைமுறைச் சட்டத்தை மட்டும் மருத்துவமனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் நாட்களில் மனம் மாறினால் திரும்பத் தொடங்கவும் கேட்கலாம்.

கால அளவு: நிறுத்திய பின் பெரும்பாலோர் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் இறக்கிறார்கள். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்கள் அதைவிட நீண்ட நாள் இருப்பதுண்டு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு முடிவு எடுத்த அன்றே சொல்லுங்கள். தூக்கம் நாளுக்கு நாள் கூடும், தெளிவாகப் பேசக்கூடியவை முதல் சில நாட்கள்தான்.

8. வீட்டைத் தயார் செய்தல்

கடைசி டயாலிசிஸுக்கு முன்பே இவை வீட்டில் இருக்க வேண்டும்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும், குமட்டலுக்கும், அமைதியின்மைக்கும், தொண்டையில் சேரும் சளிக்கும் மருத்துவர் எழுதிய மருந்துகள்; எதை எப்போது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிய குறிப்பு; இரவில் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை ஒரு முறை இரவில் கூப்பிட்டுப் பாருங்கள்.

வலுவான வலி மருந்துகளுக்குத் தனி மருந்துச்சீட்டு வேண்டியிருக்கும், எல்லா மருந்துக் கடையிலும் இருப்பு இருக்காது. வார இறுதிக்கு முன் நாள் மாலையில் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். நாங்கள் ஓடினோம், நான்காவது கடையில்தான் கிடைத்தது. வாரத்தின் முதல் பாதியிலேயே வாங்கிவிடுங்கள்.

குடிக்கும் நீரை அளவோடு வையுங்கள். அதிகமானால் நுரையீரலில் சேரும். வாய் வறட்சிக்கு நனைத்த பஞ்சும் உதட்டுக் களிம்பும் போதும். மூச்சு வாங்கினால் தலைமாட்டை உயர்த்தி, முகத்தில் காற்று படும்படி சிறிய மின்விசிறி வையுங்கள். இது உண்மையிலேயே உதவும். அதிர்ச்சி கொடுக்கும் இதயக் கருவி இருந்தால் அதை அணைத்துவைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் அது அதிர்ச்சி கொடுத்து அவரை உதறக்கூடும்.

பராமரிப்பவர் தூங்க வேண்டும். இரவை இரண்டாகப் பிரித்து, யாருடைய முறை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

9. பிறகு

வீட்டில் இறந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், இறப்பை உறுதிசெய்து சான்று தருபவர் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். எதிர்பார்த்த மரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தால் அவசர ஊர்தியும் காவல்துறையும் வரும் சிக்கல் பெரும்பாலும் இராது. இறப்புச் சான்றிதழில் பத்து நகல் எடுங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். மிஞ்சிய வலி மருந்தைக் குப்பையில் போடாமல், எழுதிக் கொடுத்த குழுவிடமோ மருந்துக் கடையிலோ ஒப்படையுங்கள். ஒட்டும் பட்டைகள் பயன்படுத்தியவையானாலும் குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

டயாலிசிஸ் பிரிவுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது, அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று. நான்கு வருடம் அவருக்கு ஊசி குத்திய டெக்னீஷியன். செய்தியைச் சொன்னேன். இணைப்பைத் துண்டிக்காமல் அவர் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார்.